தம்பியின் முதல் இசைத்தட்டு

அறுபத்திமூன்றோ அறுபத்திநாலோ, வருஷம் சரியாக நினைவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஐப்பசி மழை ஓய்ந்து, நான் வேலை பார்த்த கிடங்கின் முற்றத்தில் மறுபடியும் பாய் விரித்துச் சுக்கு உலர்த்த ஆரம்பித்திருந்த சமயம் அது. ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வீட்டுக்கு வந்தால் கட்டிலின் மேல் ஒரு பார்சல் கிடந்தது. பம்பாயிலிருந்து என் தம்பி அனுப்பியது.

எனக்குப் பார்சல் என்றாலே ஆகாது. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்தான் சாமானைக் கட்டி அனுப்புவார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம். கடுதாசி வராவிட்டால் பயம், வந்தால் பிரிக்கப் பயம். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போதும், அக்கரைக்குப் போன படகெல்லாம் என் மனசுக்குள் கவிழ்ந்துவிடும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தார். "உன் கவலையை மூட்டையாக் கட்டி ஏத்தினா எந்தக் கப்பலும் கரையை விட்டு நகராது" என்பார். அன்றைக்கும் அவர்தான் சிரித்துக்கொண்டே கயிற்றை அறுத்தார்.

உள்ளே ஒரு பெரிய அட்டை உறை. அதன்மேல் என் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதுகிறான். உறைக்குள் தாம்பாளம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு இசைத்தட்டு. அவன் பெயர் போட்டு வந்த முதல் தட்டு. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "அக்கா, இதில் பாதிக்கு மேல் நானே மெட்டுக் கட்டியது. கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்."

"முகம் வத்திக் கிடக்கே" என்றேன்.

"போட்டோக்காரன் அப்படித்தான் நிக்கச் சொல்லுவான். நல்ல சமாச்சாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அவர்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்காகக் கொச்சிக்கு வந்த குடும்பம். தம்பி நடக்கப் பழகுகிற வயசில் அம்மா போய்விட்டாள். அப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். நான் அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு இழுப்பு இருந்தது. பக்கத்தில் படுத்து, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பதுதான் எனக்கு வேலை. பனியில் வருகிற இழுப்பு ஒரு மாதிரி கேட்கும், கயிற்று நார்த் தூசியில் வருவது இன்னொரு மாதிரி, அழுது அடம்பிடித்து வருவது வேறு மாதிரி. பக்கத்து அறையில் இருந்தாலும் எது என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவன் போயும் போயும் ஊதுகிற வாத்தியத்தில் விழுந்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மாதா கோயிலில் ஒரு பேண்ட் செட் உண்டு. பெருநாளுக்கும் ஊதுவார்கள், சவ அடக்கத்துக்கும் ஊதுவார்கள். முதலில் கிளாரினெட், அப்புறம் சாக்ஸபோன். நான் போடாத சண்டை இல்லை. "ஊத ஊத நெஞ்சு விரியும்க்கா" என்பான். அது நிஜமோ என்னமோ, வளர வளர அவன் இழுப்பு நின்றுவிட்டது. துறைமுகத் தீவை ஐலண்டு என்போம், அங்கே இருந்த ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் டான்ஸ் ஆட இவன் ஊதப் போனான். கப்பல்காரர்கள் யாரோ அமெரிக்கா பிளேட்டுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். அப்புறம் பம்பாய்தான்.

ஜாஸிலேயே ஹார்ட் பாப் என்று ஒரு வகையாம், அதுதான் தன் வழி என்று ஒருமுறை சொன்னான். எனக்குப் புரியவில்லை. "அங்கே கறுப்பு ஜனங்க கோயில்ல பாடுற பாட்டையும், மனசு தாங்காம பாடுற பாட்டையும் ஜாஸுக்குள்ள கொண்டுவந்துட்டாங்கக்கா. டிரம்ஸ் பின்னாலேர்ந்து நெட்டித் தள்ளும், சாக்ஸ் அடிவயித்துலேர்ந்து பேசும். சவத்துக்கு முன்னால ஊதிக்கிட்டுப் போனவனுக்கு இது என்ன புதுசா?" என்றான். எனக்கு அடிவயிறு என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது. அங்கேயிருந்து இழுத்தால் நெஞ்சு என்ன ஆகும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இன்னொன்றையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். தட்டு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு அவனிடமிருந்து கடுதாசியே வரவில்லை. எல்லோரும் செய்வதுபோல நானும் ஒரு தந்தி அடித்தேன். "அக்கா சீரியஸ், உடனே புறப்படு." அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் வாசலில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

"சீரியஸா கிடக்கிறவளே, தந்தி ஆபீசுக்கு நடந்தா போனே, தூக்கிட்டுப் போனாங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன்க்கா. இனிமே பயமா இருந்தா பொய் சொல்லாதே. எது பயமோ அதை அப்படியே அடி, வந்துடறேன்" என்றான்.

சரி, தட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றுமில்லை. தெருமுனையில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் இக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதுசாக ஒரு பிளேயர் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வெளியே எடுத்து வைத்து, கடை மேலிருந்த கோளாம்பி மாதிரி வாய் விரிந்த குழாய் ஸ்பீக்கரோடு மாட்டிவிட்டார். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்றார். பேண்ட் செட்டில் தம்பியோடு ஊதின ஆட்கள், என்னோடு சுக்குத் தோல் சீவுகிற பெண்கள், பாரம் இழுக்கிறவர்கள் என்று நல்ல கூட்டம். நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். இக்கா தட்டை இரண்டு விரலால் எடுத்ததும் எனக்கு உயிரே போயிற்று.

"கீழ போட்டுடாதீங்க இக்கா."

"பேடிக்கண்டா சேச்சி. இது பழைய பிளேட் இல்லை, வீணாலும் பொட்டாது" என்றார். பயப்பட வேண்டாம், விழுந்தாலும் உடையாதாம். தட்டை வைத்து ஓடவிட்டார்.

முதல் உருப்படி வேகமானது. டிரம்ஸ் கல்லை உருட்டிவிட்ட மாதிரி வர, அதன்மேல் என் தம்பி ஏறி ஓடினான். பேண்ட் செட் ஆட்கள் தொடையில் தட்டினார்கள். பாரவண்டிக்காரர் ஒருவர் ரொம்ப நேரம் பொறுமையாக நின்றுவிட்டு, "பாட்டு எப்போ தொடங்கும்?" என்று கேட்டார்.

"இதாணு பாட்டு" என்றார் இக்கா.

"ஓ. ஆரோ ஆரையோ சீத்த விளிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வசவு மாதிரி இருந்தால் என்ன, என் தம்பியின் வசவு தெரு முழுக்கக் கேட்கிறது.

அடுத்தது மெதுவானது. சவ அடக்கத்துக்குப் போகிற பேண்டின் நடைதான் அது, எனக்கே தெரிந்தது. ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினான். நிறுத்தின இடத்தில் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம்.

இக்கா உடனே ஊசியைத் தூக்கி ஊதினார். "பொடி பிடிச்சிருக்கு." தட்டை முண்டின் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே இடத்தில் அதே சத்தம். மறுபடி தூக்கி, மறுபடி துடைத்தார். "புதிய பிளேட்டிலே எங்ஙனெ இவ்வளவு பொடி?" என்று அவருக்கே கோபம் வந்தது.

அது தூசி இல்லை. அவன் மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு, முடிகிற இடத்தில் துருப்பிடித்த கீல் மாதிரி சின்னதாக ஒரு கீச்சு. சின்ன வயசில் கேட்ட இழுப்பாக இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த எந்த இழுப்பும் இல்லை அது. புதுசாக இருந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"துடைக்காதீங்க இக்கா. அது அவன் மூச்சு. அவனுக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பேண்ட் செட் ஆள் ஒருவர், "மூச்சு விடாம சாக்ஸ் ஊதுறவன் லோகத்துல உண்டா அக்கா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "இன்னைக்கு ஒருநாள் விட்டுடேன்" என்று காதோரம் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. நான் எத்தனை தடவை ஒன்றுமில்லாததற்குப் பயந்திருக்கிறேன்! மீதித் தட்டு முழுக்க ஓடியது. பாட்டில் ஒரு துளிகூட என் காதில் ஏறவில்லை. அவன் நிறுத்துகிற இடம் எப்போது வரும் என்று மட்டும் காத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிடங்குக்குப் போகாமல் தந்தி ஆபீசுக்குப் போனேன். எழுதிக்கொடுத்ததை அங்கிருந்த சார் இரண்டு தரம் படித்தார். "யூ சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி."

"சேச்சி, சீரியஸ் ஆருக்கு?"

"இந்தத் தந்தி யாருக்குப் போகுதோ அவனுக்கு."

"அவன் சீரியஸா இருக்கிறதை அவனுக்கே தந்தி அடிக்கிறதா? அவனுக்கு அறியாதா?"

"அறியாது சாரே. அறிஞ்சா வந்திருப்பான்."

பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்தார். "நாப்பது வயசுக்குள்ள இப்படி ஒரு தந்தி நான் அடிச்சதில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த சார் டக்டக்கென்று அடிக்க உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தை அப்படியே அடி என்று அவன்தானே சொன்னான்.

பதில் வரவில்லை. சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். நானே பம்பாய்க்குப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பக்கத்திலிருக்கிற தோப்பும்படியைத் தாண்டித் தனியாகப் போனதில்லை நான். அவர் அப்போது சிரிக்கவில்லை. டிக்கெட் எடுக்கிறதைப் பற்றி அவர் விசாரித்துக்கொண்டு இருக்கும்போதே, வருகிறேன் என்று தம்பியின் தந்தி வந்தது.

ஐலண்டில் இருக்கிற ஹார்பர் ஸ்டேஷனுக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். வண்டியிலிருந்து இறங்கினவனைப் பார்த்ததும் எனக்கு முதலில் நெஞ்சு லேசாயிற்று. நடந்துதான் வந்தான், சிரித்துக்கொண்டுதான் வந்தான். கிட்டே வந்தபிறகுதான் கவனித்தேன். தோளில் ஒரு துணிப்பை இருந்தது. சாக்ஸபோன் பெட்டி இல்லை. பதினாறு வயசிலிருந்து அந்தப் பெட்டி இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை.

மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறினோம். என்ஜின் சத்தத்தில் காதோடு காது வைத்துத்தான் பேச வேண்டும்.

"பெட்டி எங்கேடா?"

"பம்பாய்ல எங்க பேண்டுல ஒரு பையன்கிட்ட குடுத்துட்டேன். நல்லா ஊதுவான்."

நான் அடுத்துக் கேட்பதற்குள் அவனே சொன்னான். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தினான். நிறுத்தின இடத்தில் ஸ்பீக்கரில் கேட்ட அதே கரகரப்பு, அதே கீச்சு. தட்டு பதிவு பண்ணுவதற்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். இரண்டு பக்க நுரையீரலும் கெட்டிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர், இனிமேல் ஊதவே கூடாது என்று. கம்பெனிக்காரர்கள் அப்போதுதான் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். எத்தனையோ வருஷம் அலைந்து கிடைத்த நாள்.

"முடிச்சுட்டுப் படுத்துக்கலாம்னு இருந்துட்டேன்க்கா. பதியிறப்போ சவுண்டு பாக்கிறவர் சொல்லிக்கிட்டே இருந்தார், மைக்கை விட்டுத் தள்ளி நில்லு, மூச்சு விழுது, மூச்சு விழுதுன்னு. தள்ளி நின்னா என் ஊத்து எட்டலை. கிட்டவே நின்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

"சொன்னா கவலைப்படுவியே" என்று சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபின், "உன் தந்தியைப் பேண்டுல எல்லாரும் வாங்கி வாங்கிப் படிச்சுச் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்கலை" என்றான். வீட்டுக்காரர் தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி, மாத்திரை எல்லாம் போட்டார்கள். ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார்கள். மாசி வாக்கில் கொஞ்சம் தேறின மாதிரி இருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது ஒருநாள் காலையில், இக்கா கடையில் தட்டைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். இக்கா ஸ்பீக்கரை மாட்டாமல் சின்னச் சத்தத்தில் வைத்தார். மெதுவான உருப்படி வந்தது. அவன் மூச்சு இழுக்கிற இடத்தில் இக்காவின் கை பழக்கத்தில் ஊசிப் பக்கம் போனது. போன கையை அவரே இழுத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய்ச் சாயா வாங்கிவரப் பாத்திரம் தேடுகிறவர்போல ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்தைக் கேளுக்கா" என்றான் தம்பி. "இங்கே இன்னும் நாலு ஸ்வரம் இருந்தது. மூச்சு பத்தலை, விட்டுட்டேன். பம்பாய் பேப்பர்ல ஒருத்தர் இதைத்தான் பிரமாதமா எழுதியிருந்தார், எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்ச கலைஞன்னு."

அதைச் சொல்லி அவனுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை.

"சரி, நீ சொல்லவே இல்லையே. தட்டு எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லாதே என்று என்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தானே. "பாட்டு எனக்குக் கேக்கவே மாட்டேங்குதுடா. நீ மூச்சு வாங்குற இடம் மட்டும்தான் கேக்குது" என்றேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை வேற யாரும் சொல்லலைக்கா" என்றான். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் முடிகிறவரை விடவில்லை.

வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்த முதல் வாரத்தில் போய்விட்டான். பேண்ட் செட் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். எங்கள் வழக்கத்தில் பேண்ட் கிடையாது என்பதால் வாத்தியம் எடுத்துவரவில்லை. வெறும் கையோடு, வழக்கமாக ஊர்வலத்தில் போகிற வரிசையில் மழையில் நனைந்துகொண்டு முன்னால் நடந்தார்கள். சாக்ஸபோன்காரன் நடக்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

என்னை ஒரு கேள்வி இன்றைக்கும் விடுவதில்லை. அந்தத் தட்டைப் பதியாமல், டாக்டர் சொன்ன அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பிழைத்திருப்பானோ? யாருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் எனக்குத் தம்பி போதும், தட்டு வேண்டாம். ஆனால் தட்டு இல்லாமல் அவன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்தால், ஸ்டேஷனில் பெட்டி இல்லாமல் இறங்கி வந்தானே, அந்தக் கோலம்தான் கண்முன் வருகிறது. அதற்குமேல் யோசிக்க முடிவதில்லை.

இக்கா கடையை மூடிய வருஷம் அந்தப் பிளேயரை எனக்கே கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. என் பயமும் முன்பு போல இல்லை, பயப்பட ஆள் குறைந்துவிட்டது. எப்போதாவது கதவைச் சாத்திக்கொண்டு தட்டைப் போடுவேன். இப்போது அதில் நிஜமான தூசியும் கீறலும் நிறைய. இருந்தாலும் எது கீறல், எது அவன் என்று எனக்குத் தெரியும். தட்டு வாங்கினவர்கள் எல்லோரும் அவன் ஊதினதைக் கேட்டிருப்பார்கள்; நான் அவன் ஊதுவதை நிறுத்துகிற இடத்துக்காகக் காத்திருக்கிறேன், அங்கே மட்டும்தான் என் தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.